முதலில் வயதைக் கேளுங்கள்



கல்வி உதவி, மருத்துவச் செலவு, ரேஷன் பொருள் என்று நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகும் எழுந்து போவதில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. மூன்று வயதுப் பேத்தியின் பிடிவாதம் தாங்க முடியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கம்பெனி வேலைக்குப் போன மகள் "மாறிவிட்டாள்". தகப்பன் மவ்த்தாகி ஆறு மாதம் ஆன பிறகும் சின்னவன் "அத்தா எப்போ வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

இப்படி வருகிறவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நம் மஹல்லாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சில சகோதர சகோதரிகளுக்கு ஆலோசகர் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். அவர்களுக்கு முதல் பாடம் வளர்ச்சி உளவியல். "நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல எதற்கு உளவியல்?" என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு மட்டும் பதில் சொல்வதைவிட எல்லாக் குடும்பங்களும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்ற ஒரே புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால், "நான் வேறு, அம்மா வேறு" என்று அது கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். பதினான்கு வயதுப் பிள்ளை கேட்கவில்லை என்றால், வீட்டின் கருத்துக்கும் கூட்டாளிகளின் கருத்துக்கும் நடுவே நின்று தன் கருத்து எது என்று தேடுகிறான். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அது வேலையும் திருமணமும் பற்றிய முடிவாக இருக்கலாம். எழுபது வயதில், அதுவரை நிதானமாக இருந்த ஒருவர் திடீரென்று எதற்கும் முரண்டு பிடித்தால், அது மறதி நோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம். புகார் ஒன்று, காரணம் நான்கு. எந்த வயதில் மனிதன் எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறான் என்று சொல்வதே வளர்ச்சி உளவியல். ஆகவே எங்கள் பயிற்சியாளர்கள் எந்தக் குறையைக் கேட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை வயது?" என்பதுதான்.

மேல்நாட்டுச் சரக்கு என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நம் தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை தட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரும் வருகை. இன்று குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பொருந்தி வருகிறது.

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கும் இது புதிதல்ல. ஸபிய், நல்லது கெட்டதைப் பிரித்தறியத் தொடங்கும் முமைய்யிஸ், பருவத்தை நெருங்கும் முராஹிக், பருவமடைந்த பாலிக், பொறுப்பாக முடிவெடுக்கும் ரஷீத் என்று நம் இமாம்கள் வயதைப் பிரித்துத்தான் சட்டம் சொன்னார்கள். ஏழு வயதில் தொழுகையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த வழிகாட்டல். அதை மூன்று வயதில் கண்டிப்போடு தொடங்கினால்தான் பிள்ளை நல்லவனாக வளரும் என்று யாரும் சொல்லவில்லை.

இனி, நம் பகுதியில் அதிகமாகச் சிக்கல் வரும் வயதுகளை மட்டும் பார்ப்போம்.

முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை செய்யும் பெரிய வேலை, "நான் அழுதால் ஒருவர் வருவார்" என்று நம்பக் கற்றுக்கொள்வது. இதைப் பிணைப்பு என்கிறார்கள். மேரி ஏன்ஸ்வர்த் என்ற பெண் ஆய்வாளர் 1954–55 ஆண்டுகளில் உகாண்டாவின் கம்பாலாவுக்கு அருகே உள்ள கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு மீண்டும் மீண்டும் சென்று, 28 குழந்தைகளைத் தாய்மாரோடு சேர்த்துக் கவனித்தார். எத்தனை மணி நேரம் தாய் கூட இருக்கிறாள் என்பதைவிட, இருக்கும் நேரத்தில் குழந்தையின் குறிப்பைப் புரிந்து நடக்கிறாளா என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுசென்ற வேலை அங்கேதான் தொடங்கியது. தாயோடு பாட்டி, பெரியம்மா என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடும் குழந்தைகள் பிணைப்புக் கொள்வதை அவர் கண்டார்.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது ஆறுதலான செய்தி. இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் என்று மாறி மாறிப் போகிற தாய், தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகக் குமைய வேண்டியதில்லை. ஆனால் அவள் இல்லாத நேரத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறது என்பது நிலையாக இருக்க வேண்டும். திங்கள் நன்னிமா, செவ்வாய் பக்கத்து வீடு, புதன் வேறொருவர் என்று கை மாறிக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம். நைட் ஷிப்ட் முடித்து வரும் தகப்பனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அத்தா தூங்குறாங்க, சத்தம் போடாதே" என்பதே தகப்பனைப் பற்றிக் குழந்தை கேட்கும் ஒரே வாக்கியமாக ஆகிவிடக் கூடாது. தூங்கப் போகும் முன் கால் மணி நேரம் மடியில் வைத்திருந்தால் போதும். மகப்பேறு உதவி பற்றிய சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் தரச் சொல்கிறது. காண்ட்ராக்டில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கு இது தமக்கும் உண்டா என்று கேட்கவே தயக்கம். கேளுங்கள்.

குழந்தை எப்போது நடக்க வேண்டும் என்பதில் தேவையில்லாத பயம் நம்மிடம் நிறைய. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்துத் தொகுத்த கணக்கின்படி, எட்டாம் மாதத்திலிருந்து பதினேழு, பதினெட்டாம் மாதம் வரை எப்போது தனியாக நடந்தாலும் அது இயல்புதான். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்துவிட்டதே என்று ஏங்க வேண்டாம்.

பேச்சு விஷயத்தில் நம் தவறு நேர் எதிரானது. தேவையான பயம்கூட நம்மிடம் இல்லை. "அவங்க அத்தாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஒரு வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, பதினாறு மாதமாகியும் ஒற்றைச் சொல் வரவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மூன்று வயது வரை காத்திருந்து இழக்கும் மாதங்கள், மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதிப் பாருங்கள், கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள்.

அடுத்தது மூன்றிலிருந்து ஏழு வயது. ஜெனீவாவில் ஆய்வு செய்த ழான் பியாஜே என்ற அறிஞர் கண்டுபிடித்த ஒரு சோதனையை இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சம அளவு ரோஸ்மில்க் ஊற்றி, ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அவன் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரமான கிளாஸில் மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், பெரும்பாலும் உயரமானதைக் காட்டுவான். ஏழெட்டு வயது அண்ணன் சிரிப்பான். ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்து "இப்போ ரெண்டு இருக்கு" என்று அழுகையை அடக்கும் நன்னிமார்களுக்கு பியாஜேவைப் படிக்காமலேயே இது தெரியும்.

விளையாட்டாகத் தோன்றும் இந்த உண்மை, மவ்த்து நடந்த வீட்டில் பெரிய விஷயமாகிவிடுகிறது. நம் பகுதியில் சாலை விபத்திலும் வேலை விபத்திலும் இளம் வயதிலேயே போய்விடும் தகப்பன்மார் உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு, மரணம் என்றால் திரும்பி வர முடியாதது என்று பெரும்பாலும் புரியாது. ஆகவே அது மீண்டும் மீண்டும் கேட்கும். மறந்துபோய்க் கேட்கவில்லை, அதன் அறிவு எட்டும் வரை முட்டிப் பார்க்கிறது. "அத்தா சவூதிக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவைப்பது அந்த நேரத்துக்கு அழுகையை நிறுத்தும். ஆனால் ஒருநாள் உண்மை தெரியும்போது, இருக்கிற தாயின் சொல்லும் பொய்யாகிப் போகும்.

"அல்லாஹ் எடுத்துக்கொண்டான்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். நமக்கு அது ஈமான், அது ஆறுதல். நான்கு வயதுக் குழந்தை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் என்னையும் எடுத்துக்கொள்வானா, அம்மாவையுமா என்று இரவில் பயந்து எழும். முதலில் உடம்பைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும்: "அத்தாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி அவங்களுக்கு வலிக்காது, பசிக்காது. எழுந்து வரமாட்டாங்க. நாம் அவங்களுக்காக துஆ செய்யலாம்." பிறகு மறுமை பற்றிக் குழந்தைக்குத் தாங்கும் அளவில் பேசலாம். இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் தன் கோபம்தான் காரணம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். முந்தின நாள் "போ, நீ வேண்டாம்" என்று அத்தாவிடம் கத்தியிருப்பான். அதனால் இது நடக்கவில்லை என்று அவன் கேட்காமலேயே சொல்ல வேண்டும். தாய் இத்தாவில் இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும் வீடு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூலையில் அமைதியாக விளையாடும் குழந்தையைப் பார்த்து "அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். அங்கே போய்த் தரையில் உட்காரத் தெரிந்தவரே எங்களுக்குத் தேவையான ஆலோசகர்.

பள்ளி வயதை வேகமாகக் கடக்கிறேன். அதில் சொல்ல வேண்டியது, பதினாறு பதினேழு வயதில் காலம் வேறு மாதிரி ஓடுகிறது என்பது. நமக்கு ஓராண்டு என்பது கண்ணிமைக்கும் நேரம். தேர்வில் தோற்ற பிள்ளைக்கு ஓராண்டு என்பது வாழ்க்கையே முடிந்ததற்குச் சமம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பு, தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காமல் விரைவிலேயே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று வற்புறுத்தி வந்தது. அரசும் அப்படியே செய்தது. ஒரு வயதின் மனத்தைப் புரிந்துகொண்டு ஒரு விதியை மாற்றினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, நம் பகுதிக்கே உரிய வயது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்க இடமிருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் இந்த ஒரே வயதினர். குழந்தையும் கிடையாது, கிழவியும் கிடையாது. மனித வரலாற்றில் இப்படி ஒரே பருவத்தினர் மட்டும் இத்தனை பேர் சேர்ந்து வாழ்ந்த இடங்கள் குறைவு. வீட்டிலிருந்தே ஷிப்ட் பஸ் ஏறும் நம் பிள்ளைகளும் நாளில் பாதியை இந்த உலகத்தில்தான் கழிக்கிறார்கள்.

இந்த வயதைப் பற்றி ஆழமாக எழுதியவர் எரிக் எரிக்சன். பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் பருவங்கள், ஒவ்வொன்றிலும் தீர்க்க வேண்டிய ஓர் இழுபறி என்று 1950-இல் அவர் எழுதினார். இளமையின் இழுபறி "நான் யார்?" என்பது. அதை அடுத்து வருவது, "யாரோடு என் வாழ்வைப் பகிர்வேன்?" என்பது. இவருக்கும் நம் நாட்டு ஆலைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாழ்க்கைப் பருவங்கள் பற்றிய கருத்தரங்கு நடத்த 1962-இல் அகமதாபாத் வந்தார். அங்கே 1918-இல் மில் தொழிலாளர்கள் 35 சதவீத ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். மில் முதலாளிகளின் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்காள் அனசூயா, அவரோடு காந்தியடிகள். காந்திக்கு அப்போது என்ன வயது? நாற்பத்தெட்டு. தன் பிள்ளைகளைத் தாண்டி அடுத்த தலைமுறைக்கே பொறுப்பேற்கும் நடுவயது. அந்த ஒரு வேலைநிறுத்தத்தை நடுவில் வைத்து 1969-இல் அவர் காந்தியைப் பற்றி எழுதிய நூல் அமெரிக்காவில் புலிட்சர் பரிசு பெற்றது.

எரிக்சன் சொல்வதை அப்படியே நம் பிள்ளைகள் மீது போட முடியாது. இளைஞர்கள் பலவற்றை முயன்று பார்க்கச் சமூகம் சில ஆண்டுகள் அவகாசம் தரும் என்பது அவர் கணக்கு. பத்தொன்பது வயதில் லைனில் நிற்கும் நம் பெண்ணுக்கு அந்த அவகாசம் ஏது? முதல் மாதச் சம்பளமே தம்பியின் ஃபீஸுக்குப் போகிறது. எரிக்சனைப் பின்பற்றி இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர் சுதிர் கக்கர். மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படித்துவிட்டு உளவியலுக்கு வந்தவர், நம் பகுதிக்குப் பொருத்தமானவர். குடும்பத்திலிருந்து அறுத்துக்கொண்டு போவதுதான் வளர்ச்சி என்ற அளவுகோல் இங்கே செல்லாது என்பது அவரைப் படித்து நான் புரிந்துகொண்டது. நம் பெண் வீட்டுக்குப் பணமும் தருவாள், வீட்டை எதிர்த்தும் பேசுவாள். இரண்டும் சேர்ந்துதான் அவள் வளர்ச்சி.

ஆகவே "மகள் மாறிவிட்டாள்" என்று வரும் தாயிடம் எங்கள் சகோதரி வயதைக் கேட்பார். இருபது என்றால், மாறாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தன் சம்பளத்தில் போன் வாங்கியதும், புடவைக் கடையில் தன் விருப்பத்தைச் சொன்னதும் நோய் அல்ல. கவலைக்குரியது வேறு: நைட் ஷிப்ட் இல்லாத வாரத்திலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தோழிகளைக் கூப்பிடுவதில்லை, எதிலும் ஆசையில்லை. இவற்றோடு தொழுகையும் விட்டுப்போயிருந்தால், ஈமான் குறைந்துவிட்டது என்று உடனே பயான் தொடங்கிவிட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு.

பயத்தில் சிலர் "ஏதாவது நடக்குமுன் முடித்துவிடலாம்" என்று நிக்காஹ் பேசுகிறார்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம். அதற்கு மேலும் ஒன்று யோசிக்கலாம். சூரா அந்நிஸாவின் ஆறாவது வசனம், அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றிச் சொல்லும்போது, மண வயதை அடைவதை ஒன்றாகவும் அறிவு முதிர்ச்சியை வேறொன்றாகவும் பிரித்து, சோதித்தறியச் சொல்கிறது. முதிர்ச்சி காணாதவரின் சொத்தை இருபத்தைந்து வயது வரை நிறுத்திவைக்கலாம் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று 1990கள் முதல் ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் முடிச்சுப்போட்டு மேடையில் முழங்க நான் விரும்பவில்லை. இமாம் அவர்கள் மனிதர்களைக் கவனித்துச் சொன்னார்கள், விஞ்ஞானிகளும் கவனித்துச் சொல்கிறார்கள். பாலிக் ஆனவரெல்லாம் ரஷீத் ஆகிவிடவில்லை என்பதில் இருவரும் ஒன்று.

நடுவயதுக்காரர்களையும் மறக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. பத்தொன்பது வயதில் முதல் ஆண்டே சேர்ந்த ஒருவருக்கு ஆலை மூடியபோது இருபத்தேழு. இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். வேலை போனதன் வலி, இருபத்தேழில் திருமணப் பேச்சோடு சேர்ந்து வரும். நாற்பத்தைந்தில் பிள்ளையின் காலேஜ் ஃபீஸோடும், "நான் யாருக்கும் பயன்படவில்லை" என்ற எண்ணத்தோடும் வரும். இருவருக்கும் ஒரே ஆறுதல் சொன்னால் யாருக்கும் உதவாது.

பருவங்களை மாடிப்படி போல நினைத்துவிடவும் கூடாது. ஒருவர் முன்னும் பின்னும் போவார். எட்டு வயதுப் பிள்ளை, தம்பி பிறந்ததும் மீண்டும் படுக்கையை நனைப்பான். அடிக்க வேண்டாம், சில வாரம் அவனுக்கும் மடி கொடுங்கள்.

எங்கள் பயிற்சியாளர்கள் டாக்டர்கள் அல்ல. மருந்து சொல்ல மாட்டார்கள், நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார்கள். கேட்டதை அமானிதமாக வைத்துக்கொள்வார்கள். அதற்கு இரண்டு விலக்குகள் உண்டு என்பதை இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தால் குடும்பத்தையும் மருத்துவரையும் அழைப்போம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது குற்றம். செய்தவர் உறவினராக இருந்தாலும், உஸ்தாதாக இருந்தாலும், நானாக இருந்தாலும் சரி. ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல அது.

அவசரத்துக்கு: மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண் 104. குழந்தைகளுக்கு 1098.

பெண்களின் குறைகளைப் பெண் ஆலோசகர்களே கேட்பார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் தூங்கி எழுந்த பிறகு, அஸருக்குப் பின் வந்தால் போதும். குழந்தையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காகக் கூட்டியும் குறைத்தும் சொன்ன வயது எங்களுக்கு வேண்டாம். அந்த அட்டையில் உள்ள பிறந்த தேதிதான் வேண்டும்.